பிளேடு ரன்னர் 2049: புகழ்ந்தவர்கள் எதைப் புகழ்ந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை

2017 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை. 1982-இல் வந்த 'பிளேடு ரன்னர்' என்ற அறிவியல் புனைவுப் படத்தின் தொடர்ச்சியான 'பிளேடு ரன்னர் 2049' அமெரிக்காவில் 4,058 திரையரங்குகளில் வெளியானது. விமர்சனங்கள் ஒரு வாரம் முன்பே வந்து குவிந்திருந்தன. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அந்தப் படத்தின் மதிப்பு இன்று 88 சதவீதம், மெட்டாகிரிட்டிக்கில் 81. முதல் நாள் பார்த்தவர்கள் சினிமாஸ்கோர் அட்டையில் கொடுத்தது 'ஏ மைனஸ்'. மூன்றுமே நல்ல மதிப்பெண்தான். ஆனால் மூன்று நாள் வசூல் 3.28 கோடி டாலரோடு நின்றுவிட்டது. வணிக வட்டாரம் 4.5 கோடிக்குக் குறையாது என்று எதிர்பார்த்திருந்தது.

'விமர்சகர்களுக்குப் பிடித்தது, மக்களுக்குப் பிடிக்கவில்லை' என்ற தீர்ப்பு அந்த வாரமே எழுதப்பட்டு, இன்றுவரை அப்படியே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அது சரியான வாசிப்பு அல்ல. படம் பார்த்த மக்களுக்குப் பெரும்பாலும் பிடித்திருந்தது. பெரும்பாலான மக்கள் படம் பார்க்கவே வரவில்லை, அவ்வளவுதான். இவை இரண்டும் வெவ்வேறு செய்திகள். பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அந்த மூன்று மதிப்பெண்களும் எதை அளக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ராட்டன் டொமேட்டோஸின் சதவீதம் படத்தின் தரத்துக்கான மதிப்பெண் அல்ல. நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் சாய்ந்தார்கள் என்ற தலைக்கணக்கு மட்டுமே. நூறு பேரும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தால் படம் 100 சதவீதம் வாங்கிவிடும். ஐம்பது பேர் ஐந்துக்கு ஐந்து கொடுத்து, ஐம்பது பேர் இரண்டு கொடுத்தால் 50 சதவீதம்தான். அதனால் துணிச்சலான, ஆளுக்கு ஆள் கருத்து மாறும் படங்கள் இந்தக் கணக்கில் அடிவாங்கும். யாரையும் உறுத்தாத படங்கள் மேலே ஏறும். மெட்டாகிரிட்டிக்கின் முறை வேறு. ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, இதழுக்கு இதழ் எடை வித்தியாசம் கொடுத்துச் சராசரி எடுக்கும். அங்கே 81 என்றால் உயர்ந்த வகுப்பின் வாசற்படி. 88-ஐயும் 81-ஐயும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் இது: பெரும்பாலானவர்கள் ஆதரித்தார்கள், ஆதரித்தவர்களில் பலர் நன்றாகவே ஆதரித்தார்கள்.

சினிமாஸ்கோர்தான் அதிகம் தவறாக வாசிக்கப்படுவது. முதல் நாள் இரவு தேர்ந்தெடுத்த சில அரங்குகளில், படம் பார்க்க வந்தவர்கள் கையில் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குவார்கள். முதல் நாளே டிக்கெட் எடுத்து வருபவர் ஏற்கெனவே பாதி விரும்பித்தான் வருகிறார். எனவே இந்த அட்டை சொல்வது ஒன்றுதான்: வந்தவர் எதிர்பார்த்து வந்தது கிடைத்ததா, இல்லையா. எத்தனை பேர் வருவார்கள் என்பதை அது சொல்லாது. 'பிளேடு ரன்னர் 2049' பார்க்க முதல் வார இறுதியில் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். வந்த கூட்டம் குறுகலானது. அந்தக் குறுகலான கூட்டம் திருப்தியோடு வெளியே போனது.

1982-இன் நிழல்

இந்தப் படத்தை எந்த விமர்சகரும் வெறும் கையோடு போய்ப் பார்க்கவில்லை. ரிட்லி ஸ்காட் இயக்கிய முதல் 'பிளேடு ரன்னர்' 1982 ஜூன் 25 அன்று வந்தபோது பத்திரிகைகள் அதை எப்படி நடத்தின என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நியூ யார்க்கரில் பாலின் கேல் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் ஷீலா பென்சன், படம் ஓடவில்லை, தவழ்கிறது என்ற பொருளில் 'பிளேடு கிராலர்' என்று பெயரையே மாற்றிக் கேலி செய்தார். ராஜர் ஈபர்ட் மூன்று நட்சத்திரம் கொடுத்து, காட்சிகளைப் புகழ்ந்து, மனிதக் கதை மெலிந்திருக்கிறது என்றார். இரண்டு வாரம் முன்பு வந்திருந்த 'ஈ.டி.' அப்போது அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவான படம் உள்நாட்டு முதல் வெளியீட்டில் அந்தத் தொகையைக்கூட எட்டவில்லை.

அதற்குப் பின்னால் நடந்தது ஒரு நீண்ட திருத்தம். ஸ்டுடியோ திணித்த பின்னணிக் குரலும், குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிஞ்சிய மலைச் சாலைக் காட்சிகளை ஒட்டி உருவாக்கிய மகிழ்ச்சியான முடிவும் 1992-இன் இயக்குநர் பதிப்பில் நீங்கின. 1993-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் இடம்பிடித்தது. 2007-இல் 'இறுதி வெட்டு' என்ற பதிப்பு வந்தது. ஈபர்ட் தன் மதிப்பெண்ணை நான்காக உயர்த்தினார்.

ஆகவே 2017-இல் பேனா எடுத்த விமர்சகர் முன்னால் ஒரு எச்சரிக்கைப் பலகை இருந்தது. மெதுவாக நகரும், அழகான, இருண்ட அறிவியல் புனைவை ஒருமுறை தவறவிட்டார்கள். இன்னொரு முறை தவறவிடக் கூடாது. இது யாரையும் பொய் சொல்ல வைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'மெதுவாக இருக்கிறது' என்ற ஒரே குறை 1982-இல் கண்டனமாகவும் 2017-இல் 'பொறுமையாக இருக்கிறது' என்ற பாராட்டாகவும் எழுதப்பட்டதற்கு இந்த வரலாறு ஒரு காரணம். வசூல் ஏட்டில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை: இரண்டு படமும் தயாரிப்பாளர் கையைக் கடித்தன.

வாய்ப்பூட்டு போட்ட விமர்சனம்

விமர்சகர்களின் கவனம் ஏன் இவ்வளவு முழுமையாகக் காட்சிகள் பக்கம் திரும்பியது? ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவு அப்படிப்பட்டது என்பது முதல் பதில். இன்னொரு பதில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முன்னோட்டக் காட்சிக்கு வந்த பத்திரிகையாளர்களிடம், கதையின் முக்கியமான எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சொல்லக் கூடாதவற்றில் கே என்ற நாயகனே ஒரு ரெப்ளிகன்ட், அதாவது செயற்கையாகச் செய்யப்பட்ட மனிதன், என்பதும் அடக்கம். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே திரையில் தெரிந்துவிடும் செய்தி அது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். படத்தின் மையமே கே தன்னைப் பற்றி நம்பத் தொடங்கும் ஒரு பொய்தான். செய்யப்பட்டவன் அல்ல, பிறந்தவன் என்று அவன் நம்புகிறான். மரக்குதிரை, அதன் அடியில் செதுக்கிய தேதி, அனாதை இல்லத்து உலை எல்லாம் அந்த நம்பிக்கைக்குப் படி கட்டுகின்றன. பிறகு படமே அந்தப் படியை உருவுகிறது: அந்த நினைவு வேறொருவருடையது, அவன் யாரும் தேர்ந்தெடுத்த பிள்ளை அல்ல. பல பெரும் பட்ஜெட் அறிவியல் புனைவுகள் 'இவனே அந்த ஒருவன்' என்று முடியும் இடத்தில், இந்தப் படம் 'இவன் இல்லை' என்று திரும்புகிறது. தொடர்ச்சிப் படமாக இதன் ஆகச் சிறந்த துணிச்சல் அதுதான். முதல் வார விமர்சனங்களில் அதைப் பேச முடியாது. ரெப்ளிகன்ட் என்றே எழுத முடியாதபோது, ரெப்ளிகன்டாக இருப்பதன் வலியை எப்படி எழுதுவது? மிச்சமிருந்தது ஒளி, நிறம், ஒலி, நீளம். அவற்றை எழுதினார்கள். வாசித்தவர்களுக்குக் கிடைத்தது 'பிரமாதமான காட்சிகள், கொஞ்சம் நீளம்' என்ற சித்திரம். கதைக்காகப் படம் பார்க்கும் ஒருவரை அரங்குக்கு இழுக்க அது போதாது.

விளம்பரமும் இதே நோய்க்கு ஆளானது. முன்னோட்டங்கள் துப்பாக்கியையும் முதல் படத்தின் நாயகன் ஹாரிசன் ஃபோர்டையும் காட்டின. எதைப் பற்றிய படம் என்று சொல்லவில்லை. முதல் படத்தைப் பார்த்திராத 22 வயதுக்காரருக்கு, 35 ஆண்டுக்கு முந்தைய, அப்போதே ஓடாத ஒரு படத்தின் தொடர்ச்சி என்பது தவிர வேறு தகவலே இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளை நிரப்ப மூன்று குறும்படங்கள் இணையத்தில் வெளிவந்தன. அவற்றைத் தேடிப் பார்த்தவர்களும் ஏற்கெனவே ரசிகர்கள்தான்.

அந்தக் காட்சிகள் எப்படி உருவாயின

பாராட்டின் பெரும்பகுதி ஒளிப்பதிவுக்குப் போனது நியாயமே. இயக்குநர் டெனி வில்நூவ் 'அரைவல்' படத்தின் தொகுப்பு வேலையில் மான்ட்ரியாலில் இருந்தபோதே டீக்கின்ஸ் அங்கே போய், ஓவியரோடு உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி வரைந்து வைத்துக்கொண்டார்கள். படப்பிடிப்பு 2016-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில். பச்சைத் திரை முன்னால் நடிகரை நிறுத்திவிட்டு மீதியைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், தளத்தையும் வாகனத்தையும் மழையையும் முடிந்தவரை உண்மையாகவே கட்டினார்கள். லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியின் உட்புறம் புடாபெஸ்ட்டின் பழைய பங்குச் சந்தை மாளிகை. நகரத்தின் பெருங்கட்டடங்கள் பலவற்றுக்கு நியூசிலாந்தின் வெட்டா பட்டறை மாதிரிகளைச் செய்தது. மாதிரி என்று பெயர்தானே தவிர, சில ஆளுயரத்தைத் தாண்டியவை.

செம்மஞ்சள் வேகஸ் பலருக்கும் நினைவிருக்கும். 2009-இல் சிட்னி நகரை மூடிய செம்புழுதிப் புயலின் படங்கள் அதற்கு முன்மாதிரி. ரெப்ளிகன்ட்களைத் தயாரிக்கும் வாலஸ் நிறுவனத்தின் அறைகளில் சுவர் முழுக்க நீரலை ஒளி நெளிகிறது. நிழல்கள் தாமாக நகர்கின்றன. வரிசையாக எரிந்து அணையும் விளக்குகளை வளையமாகத் தொங்கவிட்டு, தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் பயன்படுத்தித் தளத்திலேயே செய்தது அது. நிறுவனத் தலைவர் வாலஸ் பார்வையற்றவர், அவருக்குப் பயன்படாத ஒளி அறை முழுக்க அலைகிறது. இதை 'அழகு' என்று மட்டும் எழுதிப் போன விமர்சனங்கள் பாதியைத்தான் பார்த்தன.

கணினி வேலை இல்லாமல் இல்லை. இருந்த இடங்களில் அது கடினமான வேலை. ஜாய் என்ற ஒளியுருப் பெண், மரியட் என்ற ரெப்ளிகன்ட் பெண்ணின் உடல்மீது தன்னைப் பொருத்திக்கொள்ளும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அனா டி அர்மாஸும் மெக்கென்ஸி டேவிஸும் ஒரே அசைவுகளைத் தனித்தனியே நடித்தார்கள். இரண்டையும் முப்பரிமாணத்தில் பின்தொடர்ந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்கள். முழுக்கப் பொருந்தினால் சாதாரண மங்கல். பொருந்தவே இல்லையென்றால் பேய். கை சற்றே பிந்தி, கண்கள் மட்டும் ஒரு கணம் ஒன்றிணையும்போது மூன்றாவது ஒரு பெண் முகம் தெரிகிறது. அந்தப் பிசகின் அளவுதான் காட்சியே. அடுத்தது ரேச்சல், முதல் படத்தின் ரெப்ளிகன்ட் நாயகி. உடலுக்கு ஒரு நடிகையை வைத்து, 1982-இன் முகத்தைக் கணினியில் எழுப்பினார்கள். ஓரிரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. இந்த வகை வேலை வழக்கமாகத் தோற்பது முகம் அசையும்போது, குறிப்பாகப் பேசும்போது வாயோரத்தில். இங்கே தப்பித்ததற்கு ஒரு காரணம், அவள் குறைவாகவே பேசி, சீக்கிரமே போய்விடுகிறாள்.

இவ்வளவும் எந்தத் திரையில் பார்க்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபரிமாணக் காட்சிக்குத் திரையில் இருக்க வேண்டிய ஒளிர்வு, அடி-லாம்பர்ட் என்ற அலகில், 14. 3டி காட்சியில் கண்ணாடியும் வடிகட்டியும் ஒளியை விழுங்கிவிடும், 4.5 கிடைத்தாலே நல்ல அரங்கு. பகல் வெளிச்சமுள்ள படம் அதைத் தாங்கும். சாம்பலும் கறுப்பும் பனிமூட்டமுமாக எடுத்த படத்தில், இருட்டுக்குள் இருக்கும் நுணுக்கம் முழுவதும் ஒரே சேறாகிவிடும். டீக்கின்ஸ் தன் தேர்வு சாதாரண இருபரிமாண அகலத்திரைப் பதிப்புதான் என்று வெளிப்படையாகச் சொன்னார்; 3டி படப்பிடிப்புக்குப் பிறகு மாற்றியது. நல்ல அரங்கில் பார்த்து எழுதிய விமர்சகரும், விளக்கு மங்கிய 3டி அரங்கில் கூடுதல் காசு கொடுத்துப் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை.

இசையில் கருத்து பிளந்தது. வில்நூவோடு தொடர்ந்து பணிபுரிந்த யோஹான் யோஹான்சன் விலக, ஹான்ஸ் ஸிம்மரும் பெஞ்சமின் வால்ஃபிஷும் வந்தார்கள். முதல் படத்துக்கு இசையமைத்த வான்ஜெலிஸின் ஏக்கம் இல்லை, இரைச்சல் இருக்கிறது என்றவர்களும், இடிந்த உலகத்துக்கு அந்த இரைச்சல்தான் சரி என்றவர்களும் இருந்தார்கள்.

கடுமையான கேள்விகள்

படத்தை எதிர்த்த குரல்களில் கனமானது பெண்களைப் பற்றியது. ஜாய் விலைக்கு வாங்கிய துணை. தெருவில் கட்டட உயரத்துக்கு நிர்வாண விளம்பரம். புதிதாகப் பிறந்த ரெப்ளிகன்ட் பெண்ணின் வயிற்றை வாலஸ் கிழிக்கிறார். ரேச்சலை மறுபடி உருவாக்கியதே, நிராகரிக்கப்பட்டதும் சுட்டுக் கொல்வதற்காக. பெண்ணைப் பண்டமாக்கும் உலகைப் படம் சாடுகிறது என்பது ஆதரவாளர் வாதம். வில்நூவும் ஒரு நேர்காணலில் அந்தப் பொருளில், இது நாளைய உலகம் அல்ல, இன்றைய உலகத்தின் பிம்பம் என்றார். வாதத்துக்கு ஆதாரமாகப் படத்திலேயே ஒரு காட்சி உண்டு. ஜாயை இழந்த கே பாலத்தில் நிற்க, ராட்சத விளம்பரப் பெண் குனிந்து, ஜாய் தனக்கென்றே வைத்ததாக அவன் நம்பிய அதே பெயரால் அவனை அழைக்கிறாள். அவன் காதல் என்று நினைத்தது நிறுவனத்தின் இயல்பு அமைப்பாக இருக்கலாம் என்ற அடி அங்கே விழுகிறது.

ஆனால் அந்த அடி விழுவது கே மீது. ஏமாற்றமும் அவனுடையது. ஜாய்க்கு உள்ளே ஏதாவது இருந்ததா என்று படம் கேட்பது அவனுக்காகத்தான், அவளுக்காக அல்ல. சாடல் கதையில் இருக்கிறது, கேமரா பல இடங்களில் விளம்பரப் பலகையின் கண்ணாலேயே பார்க்கிறது. இந்த விமர்சனம் சரி என்பதே என் கணிப்பு. ஆசிய நகரங்களின் எழுத்தும் நியான் விளக்கும் வேண்டும், பேசுகிற ஆசியக் கதாபாத்திரம் அநேகமாக வேண்டாம் என்ற இன்னொரு குறைக்கு இன்னும் குறைவான மறுமொழியே உண்டு. அது முதல் படத்திலிருந்தே வரும் கடன்.

நீளம் என்ற பழி

படம் 163 நிமிடம். வசூல் குறைந்ததற்கு எல்லோரும் கைகாட்டியது இதைத்தான். ஓரளவு உண்மை உண்டு. விளம்பரம், முன்னோட்டம், அரங்கைச் சுத்தம் செய்யும் நேரம் சேர்த்தால் ஒரு காட்சிக்கு 200 நிமிடம் ஆகிவிடும். காலை 10 முதல் நள்ளிரவு வரை ஒரு திரையில் நான்கு காட்சிதான். 110 நிமிடப் படமென்றால் ஐந்து போடலாம். ஆனால் நீளம் மட்டுமே காரணமென்றால் 2022-இல் வந்த 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' 192 நிமிடத்தோடு 230 கோடி டாலரைத் தாண்டியிருக்க முடியாது. அதுவும் காட்சிக்காகவே பேசப்பட்ட தொடர்ச்சிதான். விமர்சகர் ஆதரவு 'பிளேடு ரன்னர் 2049'-ஐவிடக் குறைவு. வித்தியாசம் எங்கே என்றால், அது குடும்பத்தோடு போகக்கூடிய படம். அதன் முதல் பாகத்தை உலகமே பார்த்திருந்தது. இதுவோ அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ், 17 வயதுக்குட்பட்டவர் தனியே நுழைய முடியாது; முதல் பாகம் ரசிகர்களின் சொத்து.

கணக்கு எளிது. உள்நாட்டில் சுமார் 9.2 கோடி டாலர், உலகம் முழுக்க ஏறத்தாழ 26 கோடி. அரங்குகளின் பங்கு போக உள்நாட்டில் பாதி, வெளிநாட்டில் சுமார் 40 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் சுமார் பதினொன்றேகால் கோடி. தயாரிப்புச் செலவாகச் சொல்லப்பட்டதோ 15 முதல் 18.5 கோடி. விளம்பரச் செலவு தனி. தயாரித்த ஆல்கான் நிறுவனத்துக்கு 8 கோடி வரை நஷ்டம் என்று வணிக இதழ்கள் கணித்தன.

2018 மார்ச் 4 அன்று ஆஸ்கர் மேடையில் படம் இரண்டு விருது வாங்கியது: காட்சி விளைவுகளுக்கு ஒன்று, ஒளிப்பதிவுக்கு ஒன்று. டீக்கின்ஸுக்கு அது 14-ஆவது பரிந்துரை, முதல் வெற்றி. 1983-இல் முதல் படத்தின் ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனென்வெத்துக்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. கலை இயக்கத்துக்கு இருந்த பரிந்துரையில் அந்தப் படம் 'காந்தி'யிடம் தோற்றது.

படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரான ரிட்லி ஸ்காட்டே, நீளம் அதிகம், அரை மணி நேரத்தை வெட்டியிருப்பேன் என்று பிறகு சொன்னார். முதல் தொகுப்பு ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தது, அதிலிருந்து குறைத்துத்தான் இங்கே வந்தது. சரி, அந்த அரை மணியை எங்கே வெட்டுவது? கே நடந்து போகும் நீண்ட காட்சிகளை வெட்டினால் விருது வாங்கியதையே வெட்டுகிறோம். நினைவு செய்யும் பெண்ணின் கண்ணாடி அறையை வெட்டினால் கதை புரியாது. என்னைக் கேட்டால் கத்தரி வைக்க வேண்டிய இடம் கடைசிப் பகுதியில், ரெப்ளிகன்ட்களின் தலைவி ஃப்ரேசா தன் கலகப் படையோடு இருட்டிலிருந்து வெளியே வரும் இடம். கேவுக்கு உண்மை தெரிய அவள் வேண்டும். அவளுக்குப் பின்னால் நிற்கும் படை வேண்டியதில்லை. அது அடுத்த பாகத்துக்கான முன்பதிவு. ஒரு பெரும் போர் வரப்போகிறது என்று அங்கே அறிவிக்கிறார்கள். வசூல் கணக்கு முடிந்தபோது அடுத்த பாகமும் முடிந்துபோனது. அந்தப் படை இன்னும் அதே இருட்டில் நிற்கிறது.